மரமேறும் கயிறு வாங்கும் முன்: கருவியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக மரமேறக் கற்பவர்களில் பலர் கயிற்றைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நிறம் பிடித்திருக்கும், தள்ளுபடியில் கிடைத்திருக்கும். பிறகு கயிற்றை உராய்வால் பிடித்து நிறுத்தும் உராய்வுக் கருவி ஒன்றை வாங்கி அதில் மாட்டினால், ஏறும்போது கயிறு வழுக்கி வராது. இல்லையென்றால் இறங்கும்போது நிற்காது. கருவி தனியாக எதையும் பிடிப்பதில்லை. அதுவும் கயிறும் சேர்ந்தால்தான் பிரேக். அதனால் கருவியை முதலில் முடிவு செய்துவிட்டுக் கயிற்றுக்கு வாருங்கள்.

இங்கே சொல்வது பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆர்பரிஸ்ட் எனப்படும் மரப் பராமரிப்புத் தொழிலாளர்கள் ஹார்னஸ் கட்டி ஏறும் முறை. நம் பனையேறிகளின் தளைநார் முறை முற்றிலும் வேறு.

படி 1: எந்த முறையில் ஏறப்போகிறீர்கள்?

ஒரு முறையில் கயிறு கிளைக்கு மேலே போய் இரு பக்கமும் தொங்கும். ஒரு முனை ஹார்னஸில் கட்டியிருக்கும், மறுபக்கத்தில் கருவி இருக்கும். நீங்கள் ஏற ஏறக் கயிறு மேலே ஓடிக்கொண்டிருக்கும். இது எம்.ஆர்.எஸ். இன்னொன்றில் கயிறு ஒற்றைச் சரமாக அசையாமல் தொங்கும், கருவி அதன்மேல் ஊர்ந்து போகும். இது எஸ்.ஆர்.எஸ்.; எஸ்.ஆர்.டி. என்றும் சொல்வார்கள்.

80 கிலோ எடையுள்ளவர் முதல் முறையில் தொங்கினால் எடை இரண்டு சரத்துக்கும் பிரியும். கருவிக்கு வருவது ஏறக்குறைய 40 கிலோ. இரண்டாவது முறையில் 80 கிலோவும் கருவிமேல்தான். சுமை இரட்டிப்பாகும்போது சில கருவிகளுக்குத் துணை தேவைப்படும். பெட்சல் நிறுவனத்தின் ஜிக்ஜாக்கை ஒற்றைச் சரத்தில் பயன்படுத்த அதன்மேல் சிகேன் என்ற துணைக் கருவியைச் சேர்க்க வேண்டும். கருவிக்குப் பதிலாக ஏறும் கயிற்றில் சிறு கயிற்றைச் சுற்றிப் போடும் சாதாரண ஹிட்ச் முடிச்சோ முழு எடையில் இறுகிப்போய் அவிழவே அவிழாது. அதனால் கெவின் பிங்ஹாம் உருவாக்கிய ரோப் ரெஞ்ச் என்ற துணைக் கருவியை மேலே மாட்டிச் சுமையில் ஒரு பங்கை அதற்குக் கொடுப்பார்கள். ராக் எக்ஸாட்டிகா நிறுவனத்தின் அகிம்போ என்ற கருவி இரண்டு முறைக்கும் தனியாகவே போதும்.

படி 2: கருவியின் கையேட்டில் விட்டத்தைப் பாருங்கள்

ஜிக்ஜாக்குக்கு 11.5 முதல் 13 மி.மீ. வரை. அகிம்போவுக்கும் ரோப் ரெஞ்ச்சுக்கும் 11 முதல் 13. உங்களிடம் இருக்கும் மாடலின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள்.

‘அரை மில்லிமீட்டர்தானே’ என்று 11 மி.மீ. கயிற்றை ஜிக்ஜாக்கில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிக்ஜாக்கின் சங்கிலிக் கண்ணிகள் கயிற்றை வளைத்துத்தான் பிடிக்கின்றன. கயிறு மெலிந்தால் வளைவும் அழுத்தமும் குறையும், பிடி தாமதமாகும். தடித்தாலோ நேர்மாறு: நன்றாகப் பிடிக்கும், ஆனால் தளர்ந்த கயிற்றை இழுத்துச் சரிசெய்வதற்குள் கை ஓய்ந்துவிடும்.

அனுமதித்த எல்லைக்குள்ளும் விளிம்பை விட்டு நடுவில் நிற்பதே என் விருப்பம். காரணம், கயிற்றின் தரச்சீட்டில் உள்ள விட்டம் கயிற்றில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு அளந்தது. சும்மா கிடக்கும் கயிறு அதைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். துவைத்துக் காய்ந்தால் நீளத்தில் சுருங்கிப் பருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த மேலுறை பஞ்சுபோலக் கிளம்பும். இன்று 13 மி.மீ. கயிறு கருவிக்குள் சிரமமில்லாமல் ஓடினாலும் ஆறு மாதம் கழித்து ஓடும் என்று சொல்ல முடியாது. ஜிக்ஜாக் வாங்கும் புதியவருக்கு 11.7 முதல் 12 மி.மீ. வரையிலான கயிற்றைச் சொல்வேன்.

படி 3: தரச்சீட்டு

ஐரோப்பாவில் சீட்டில் ஈ.என். 1891 என்ற தர எண்ணும் ‘ஏ’ வகை என்றும் இருக்க வேண்டும். ‘ஏ’ வகைக் கயிறு 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். முனையில் முடிச்சோ தையலோ போட்ட பிறகு 15 கிலோநியூட்டனை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். ‘பி’ வகை இதைவிடக் குறைவு, அதை விட்டுவிடுங்கள். சீட்டு கிழிந்த பழைய கயிறு கைக்கு வந்தால், வெட்டிய முனையில் உள்ளே மெல்லிய நாடா ஒன்று ஓடுகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர், வகை, தயாரித்த ஆண்டு எல்லாம் அதில் அச்சாகியிருக்கும்.

அமெரிக்காவின் மரப் பராமரிப்புப் பாதுகாப்பு விதியான இசட்133 கயிற்றுக்கு 12.7 மி.மீ. விட்டமும் 5,400 பவுண்டு தாங்குதிறனும் கேட்கிறது. அதற்கேற்ற பயிற்சி பெற்றவர் 11 மி.மீ. வரை இறங்கலாம் என்று விலக்கும் உண்டு.

படி 4: பின்னல்

கடைக்காரர் விட்டத்தை மட்டும் சொல்வார். ஒரே விட்டமுள்ள இரண்டு கயிறுகள் ஒரே கருவியில் வேறு வேறு மாதிரி நடப்பது இந்தப் பின்னலால்தான்.

16 இழைக் கயிற்றில் மேலுறை தடிமன், பெரும்பாலான சுமையை அதுவே சுமக்கும். யேல் எக்ஸ்.டி.சி., சாம்சன் ஆர்பர்மாஸ்டர் இந்த ரகம். கயிற்றை நேராகக் கிளையின் கவட்டில் போட்டு, பிளேக்ஸ் ஹிட்ச் போன்ற முடிச்சில் ஏறிய காலத்துக்கு இது பொருந்தியது. மரப்பட்டையில் தேய்ந்தாலும் தாங்கும். ஆனால் பெரும்பாலும் 12.7 மி.மீ. அளவில்தான் வரும், இயந்திரக் கருவிகளில் இறுக்கமாக ஓடும்.

24 இழைக் கயிற்றின் மேலுறை மெல்லியது, வழவழப்பானது. சாம்சன் வெலாசிட்டி, யேல் பாய்சன் ஐவி இந்த ரகம். கருவிக்குள் அழகாக ஓடும். இதில் பார்க்க வேண்டியது மேலுறை நகர்வு. மேலுறையும் உள்ளிழையும் ஒன்றையொன்று இறுகப் பிடிக்காத கயிற்றில், கருவி மேலுறையை மட்டும் கீழே தள்ளிக்கொண்டே வரும். நாளடைவில் கயிற்றின் வாலில் மேலுறை தொளதொளவென்று சேர்ந்துவிடும். கடையில் ஒரு சோதனை செய்யலாம்: ஒரு கையால் கயிற்றை அழுத்திப் பிடித்து, மறு கையால் மேலுறையை உருவிப் பாருங்கள். தனியாக நழுவினால் வேண்டாம்.

மூன்றாவது ரகம் கெர்ன்மாண்டில். உள்ளிழைதான் முக்கியச் சுமைதாங்கி, இழுபடுவது குறைவு. ஒற்றைச் சரத்தில் ஏறுபவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. 20 மீட்டர் உயரக் கிளைமேல் கயிறு போட்டு, மறுமுனையை அடிமரத்தில் கட்டினால் மொத்தம் 40 மீட்டர் கயிறு சுமையில் நிற்கும். அது 2 சதவீதம் நீண்டாலே 80 செ.மீ. ஆகிவிடும். காலை உதைத்து எழும் ஒவ்வொரு முறையும் பாதி உழைப்பு அந்தத் துள்ளலுக்கே போகும்.

படி 5: எந்த இழை?

மேலுறை பாலியெஸ்டராக இருக்கட்டும். அது ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில்தான் உருகும். டைனீமா என்ற பாலிஎத்திலீன் இழை சுமார் 145 டிகிரியிலேயே உருகிவிடும். உராய்வு படும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. வேகமாக இறங்கினால் உலோகக் கருவி சூடேறும். நின்ற பிறகும் சூடு ஒரே இடத்தில் கயிற்றைத் தின்றுகொண்டிருக்கும். அதனால் மெதுவாக இறங்குங்கள். ஹிட்ச் முடிச்சு போடுபவர் அதற்கான சிறு கயிற்றை 8 அல்லது 10 மி.மீ. அளவில், வெப்பம் தாங்கும் அராமிட் இழை கலந்ததாக வாங்கலாம். அது ஏறும் கயிற்றைவிட மெலிந்திருக்க வேண்டும்.

படி 6: நீளமும் முனையும்

எம்.ஆர்.எஸ். என்றால் கிளை உயரத்தின் இரு மடங்குக்கு மேல் தேவை. 20 மீட்டர் கிளைக்கு 45 மீட்டர் கயிறு. ஒரு முனையில் தைத்த கண், அதாவது வளையம், இருந்தால் வசதி. இரு முனையிலும் வேண்டாம், ஏனென்றால் ஜிக்ஜாக்குக்குள் கயிற்றை முனையிலிருந்துதான் கோக்க முடியும்.

படி 7: தரைக்கு அருகில் சோதனை

பாதம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி தொங்குங்கள். வாலில் தடுப்பு முடிச்சு கட்டாயம். முதல் சில தடவை பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். ரம்பம் உட்பட வேலைக்கு எடுத்துச்செல்லும் எல்லாவற்றையும் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். சுமையில்லாமல் செய்த சோதனை பாதிச் சோதனை.

முழு எடையையும் கொடுத்துவிட்டுக் கருவியிலிருந்து கையை எடுங்கள். உடனே பிடித்து, பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்ல ஊர்ந்தாலும் அந்த ஜோடி வேண்டாம். அடுத்து கருவியில் இறங்குவதற்கான விடுவிப்பைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். இறக்கமும் அதே அளவில் கூட வேண்டும். ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று வழுக்கினால் கயிறு அந்தக் கருவிக்குப் பொருந்தவில்லை. கடைசியாக ஒரு மீட்டர் ஏறி, தளர்ந்த கயிற்றைக் கருவி தடையில்லாமல் உள்வாங்குகிறதா என்று பாருங்கள்.

புதுக் கயிறு வழுக்கும் என்பதால் சில ஏற்றங்களுக்குப் பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். மழையில் நனைந்த அன்றும், பைன் மரப் பிசின் பட்ட பிறகும், கருவியின் உலோகம் தேய்ந்து பள்ளம் விழத் தொடங்கும்போதும் செய்யுங்கள். பிரிட்டனில் வேலை செய்பவர்களுக்கு தூக்கும் சாதனங்களுக்கான 1998-ஆம் ஆண்டின் லோலர் விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் வந்து பார்ப்பார். அவரிடம் கயிற்றைக் கொடுக்கும்போது கருவியையும் சேர்த்தே கொடுங்கள்.