உபுண்டு சர்வரைப் பூட்டலாம்: பாஸ்வேர்டை மூடியும் ஏன் திறக்கிறது?

காரைக்குடிக் கண்டாங்கிக் கடைக்கோ ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கோ ஆர்டர் எடுக்க, மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். ஆனால் வாங்கிய அன்றே பூட்டிவிடுங்கள். இங்கே உள்ளது உபுண்டு லினக்ஸ் 24.04-க்கு.

அப்டேட் போட்டு, சூடோ உரிமையோடு (நிர்வாகியின் கட்டளைகளை ஓட்டும் உரிமை) தனிப் பயனர் ஒருவரை உருவாக்கிக்கொள்ளுங்கள். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி எஸ்எஸ்எச். அதில் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பு வைக்கலாம். மடிக்கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி இடி25519 வகைச் சாவி செய்து, அதன் பொதுப் பாதியை எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் சர்வரில் ஏற்றுங்கள். கையால் ஒட்டினால் சர்வரில் சாவிக் கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600 என்று அனுமதி வையுங்கள் (உரிமையாளர் மட்டுமே தொட முடியும்). ஹோம் கோப்புறையில் பிறர் எழுத முடிந்தாலும் சாவி செல்லாது. காரணம் சர்வரின் ஆத் லாக்கில், அதாவது நுழைவுப் பதிவில்தான் தெரியும்.

பலரும் மாட்டுவது அடுத்ததில். எஸ்எஸ்எச்டி (சர்வர் பக்க எஸ்எஸ்எச் நிரல்) கான்ஃபிக்கில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷனுக்கு ‘நோ’ போட்டு ரீஸ்டார்ட் செய்தாலும், பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கோப்பின் தலையிலேயே, துணைக் கோப்புறையில் உள்ளவற்றை முதலில் படிக்கச் சொல்லும் இன்க்ளூட் வரி இருக்கிறது. அங்கே 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் (சர்வரை முதன்முதலில் அமைக்கும் நிரல்) கோப்பு ‘யெஸ்’ என்று சொல்லியிருக்கும். எஸ்எஸ்எச்சில் முதலில் படித்ததே செல்லும். அதனால் அதே கோப்புறையில் 00 என்று தொடங்கும் உங்கள் கோப்பை வைத்து, பாஸ்வேர்டு, ரூட் நுழைவு இரண்டுக்கும் ‘நோ’ எழுதுங்கள். பிறகு சூடோவோடு எஸ்எஸ்எச்டியைச் சிறிய டி (-t) போட்டு ஓட்டினால் பிழை தெரியும். பெரிய டி (-T) போட்டால், எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்து முடிவில் எது செல்லும் என்பது தெரியும். கான்ஃபிக்கைப் பார்த்து நம்பாதீர்கள், இதை நம்புங்கள். எஸ்எஸ்எச்சை ரீஸ்டார்ட் செய்து, பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்த பிறகே வெளியேறுங்கள்.

யுஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால்) முதலில் ஓப்பன்எஸ்எஸ்எச், இணையதளத்துக்கான 80, 443 போர்ட்கள் (இணைப்பு வாசல்கள்) மூன்றையும் அனுமதித்துவிட்டு அப்புறம்தான் எனேபிள். வரிசை மாறினால் வெளியில்தான் நிற்க வேண்டும். உங்கள் வீட்டு ஐபிக்கு மட்டும் அனுமதி தருவதும் வேண்டாம். கரண்டு போய் ரவுட்டர் திரும்ப எழுந்தால் ஐபி மாறியிருக்கலாம்.

ஃபெயில்2பேன் (திரும்பத் திரும்பத் தவறாக நுழைய முயலும் ஐபிகளைத் தடுக்கும் நிரல்)? சாவி மட்டும் என்றான பின் லாக் குப்பையைக் குறைக்கத்தான் அது. போர்ட் எண்ணை மாற்றுவதும் அப்படியே. மாற்றியே தீருவேன் என்றால், 24.04-இல் டீமன்-ரீலோட் செய்து எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முகப்பைப் பூட்டிவிட்டுப் பின்கட்டை மறப்பது போலத்தான் டாக்கர் (நிரல்களைத் தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி). அது வெளியிடும் போர்ட் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிவிடும். டேட்டாபேஸ் போர்ட்டை 127.0.0.1-இல் (சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கட்டுங்கள்.

பின்சேர்க்கை: பயனரின் பாஸ்வேர்டையே நீக்கிவிடாதீர்கள். சாவி தொலைந்தால் வாடகை நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாக நுழைய அது வேண்டும்.