நாயோடு ஸ்கைலைன் டிரைவ்: இலை நிறம் மாறும் மலைக்கு முதல் பயணம்

அக்டோபர் பிறந்துவிட்டால் வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "கலர் வந்தாச்சா? எங்கே போகலாம்?" நாய் வளர்ப்பவர்களுக்கு அதோடு இன்னொரு கவலையும் உண்டு. இவனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

யாரிடமும் விட வேண்டாம், கூடவே கூட்டிப் போகலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் நாயைப் பார்க்கிங்கைத் தாண்டி நடக்க விடமாட்டார்கள். ஷெனன்டோவா தேசியப் பூங்கா இந்த விஷயத்தில் தாராளம். 500 மைலுக்கும் மேல் இருக்கிற நடைபாதைகளில் ஏறத்தாழ 20 மைல்தான் நாய்க்குத் தடை. அந்தப் பூங்காவின் முதுகெலும்பு மாதிரி மலை உச்சியிலேயே ஓடுகிற சாலைதான் ஸ்கைலைன் டிரைவ். வாஷிங்டனிலிருந்து அதன் வடக்கு வாசல் ஒன்றரை மணி நேரத் தூரம்.

எங்கள் மணிக்கு இப்போது ஆறு வயது. லாப்ரடார் கலப்பு, எடை 60 பவுண்டு, வண்டிச் சாவிச் சத்தம் கேட்டால் வாசலில் நிற்பான். அவனோடு நான்கு முறை போய், நான்கு விதமாகச் சொதப்பிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரைதான் நிறம் உச்சத்தில் இருக்கும். ஆனால் மலை முழுவதும் ஒரே நாளில் மாறிவிடாது. உச்சியில் குளிர் முதலில் வருவதால் நிறமும் அங்கேதான் முதலில் வரும், பிறகு மெதுவாகக் கீழே இறங்கும். மேலே இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது அடிவாரம் அப்போதுதான் மஞ்சளாகிக்கொண்டிருக்கும். அதனால் "இந்த வாரம் தவறினால் போச்சு" என்று பதற வேண்டாம்.

பகல் குறையக் குறைய இலையின் பச்சை சிதைந்து போகிறது. அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலைக்குள் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து அது புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டில் சிவப்பு தூக்கலாக இருப்பது அதனால்தான். இங்கே மஞ்சள் என்றால் பெரும்பாலும் துலிப் பாப்லரும் ஹிக்கரியும். சிவப்பு என்றால் மேப்பிளும் பிளாக் கம்மும். ஓக் மரங்கள் கடைசியாக வந்து, துருப்பிடித்த இரும்பு நிறத்தில் நிற்கும்.

கிழமை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. சனி, ஞாயிறு போகாதீர்கள். அக்டோபர் வார இறுதியில் நடு வாசலான தார்ன்டன் கேப்பில் கார் வரிசை நகரவே நகராது. வரிசையில் காத்திருக்கும் காருக்குள் நாய் படும் பாட்டை ஒருமுறை பார்த்தால், செவ்வாய்க்கிழமை லீவு போடத் தயங்க மாட்டீர்கள்.

படி 2: சாலையைப் பாதியாக வெட்டுங்கள்

ஸ்கைலைன் டிரைவ் மொத்தம் 105 மைல். வடக்கே ஃபிரண்ட் ராயலில் மைல் 0, தெற்கே ராக்ஃபிஷ் கேப்பில் மைல் 105. வேக வரம்பு மணிக்கு 35 மைல். எங்கும் நிறுத்தாமல் போனாலே மூன்று மணி நேரம் ஆகும். அதை முழுக்க ஒரே நாளில் முடிக்கத்தான் முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுவார்கள். நாங்களும் ஆசைப்பட்டோம். மைல் 80 வாக்கில் மணி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

முதல் பயணத்துக்கு மைல் 0 முதல் மைல் 51 வரை போதும். மைல் 51இல் பிக் மெடோஸ் என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. சாப்பாடு, கழிப்பறை எல்லாம் அங்கே கிடைக்கும். சாலை நெடுகிலும் பெட்ரோல் போட அந்த ஓர் இடம்தான் உண்டு, அதனால் டேங்கை நிரப்பிக்கொண்டே ஏறுங்கள். அங்கிருந்து மைல் 65இல் உள்ள ஸ்விஃப்ட் ரன் கேப்பில் இறங்கி 33ஆம் எண் சாலையைப் பிடிக்கலாம், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி மைல் 31இல் உள்ள தார்ன்டன் கேப்பில் இறங்கலாம்.

வடக்கிலிருந்து தெற்காகப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலையோரம் ஏறக்குறைய 70 வியூ பாயிண்ட்கள் இருக்கின்றன. தெற்கு நோக்கிப் போனால் மேற்குப் பக்கத்து வியூ பாயிண்ட்கள் உங்கள் வலது கைப்பக்கம் வரும், எதிர் வரும் வண்டிகளைக் கடக்காமல் நேராக உள்ளே நுழையலாம். காலை வெயிலும் முதுகுக்குப் பின்னால் இருந்து பள்ளத்தாக்கு முழுவதும் விழும். பிற்பகலில் வடக்கே திரும்பும்போது இதே கணக்கு கிழக்குப் பக்கத்துக்குப் பொருந்தும்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். நாய்க்குக் காசில்லை.

படி 3: இரண்டு வாரம் முன்பே நாயைப் பழக்குங்கள்

வீட்டுக்கும் பார்க்குக்கும் மட்டும் காரில் போன நாயை நேராக மலை வளைவில் ஏற்றாதீர்கள். முதலில் இருபது நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் என்று வளைவுச் சாலைகளில் சின்னச் சின்ன ஓட்டம் போய் வாருங்கள். வாயில் எச்சில் ஒழுகினாலோ, அடிக்கடி உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாலோ அவனுக்குக் குமட்டுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் இப்படி என்றால் கிளம்பும் முன் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், அதற்கென்றே மருந்து இருக்கிறது. உண்ணிக்கான மாதாந்திர மருந்து தேதி தாண்டாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உட்காரும் இடம் பின் சீட்தான். கழுத்துப் பட்டையில் சீட் பெல்ட்டைக் கோர்க்கக் கூடாது. மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டுங்கள், அல்லது பின்னால் கூண்டு வைத்துக் கட்டுங்கள். மலையில் மான் திடீரென்று குறுக்கே வரும், பிரேக் அடிக்க நேரும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருவது படத்தில் அழகு. நிஜத்தில் தூசியும் பூச்சியும் கண்ணில் அடிக்கும். நான்கு விரல் இடைவெளிக்குக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், மூக்குக்கு அது போதும்.

படி 4: பையில் என்ன

ஆறடிக்கு மேல் போகாத லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் வார். பூங்கா விதியே அதுதான், இழுக்க இழுக்க நீளும் வகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர் அவனுக்கென்று தனியாக இரண்டு லிட்டர். கழிவு எடுக்கும் பைகள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. பழைய துண்டு இரண்டு. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழின் படம் போனில் இருக்கட்டும். ஓர் ஆரஞ்சு நிறச் சட்டையும் வாங்கிப் போடுங்கள். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, ஆனால் சுற்றியுள்ள காடுகளில் இலையுதிர் காலம் வேட்டைப் பருவம். பழுப்பு நாய் பழுப்பு இலைக்குள் போனால் நமக்கே கண்ணில் படாது.

உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர். அடிவாரத்தைவிட மலைமேல் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குளிர் அதிகம். முதல் வருடம் அரைக்கைச் சட்டையோடு போய், நாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

படி 5: கிளம்பும் காலை

வெறும் வயிறு வேண்டாம், முழு வயிறும் வேண்டாம். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு பாதிச் சாப்பாடு போதும். நாங்கள் இரண்டாவது வருடம் பாவம் பார்த்துக் கிண்ணம் நிறைய வைத்தோம். மைல் 17 தாண்டி ஒரு வளைவு. பின் சீட்டில் ஒரு விநோதமான விக்கல் சத்தம். வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் காலைச் சாப்பாடு மொத்தமும் என் புது ஷால் மேல். பழைய துண்டு இரண்டு என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம்.

அக்டோபர் நடுவில் சூரியன் ஏழேகால் மணிவாக்கில் உதிக்கும். எட்டு மணிக்குள் வாசலைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

படி 6: மலைமேல் ஓட்டுவதும் நிறுத்துவதும்

எல்லா வியூ பாயிண்டிலும் நிறுத்த ஆசை வரும். வேண்டாம். கார் நிற்பதும் கிளம்புவதுமாக இருந்தால் நாய்க்குத் தலை சுற்றும், படுக்கவும் முடியாது. முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, நிறுத்தும் இடத்தில் பதினைந்து நிமிடமாவது அவனை மோப்பம் பிடிக்க விடுங்கள். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது. நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகத் தெரியும், சிவப்பு அதன் கண்ணுக்கு மங்கிய பழுப்பு. நாம் "அந்த மேப்பிளைப் பாரேன்!" என்று கத்தும்போது, அவனுக்கு அது வெந்து கருகிய தோசை நிறத்தில் ஒரு மரம். அவன் வந்திருப்பது இலை மக்கும் ஈர வாசனைக்கும், ராத்திரி மான் நடந்து போன தடத்துக்கும்.

ஒரு கல்லின் ஓரத்தில் மணி மூக்கை வைத்தால் முதலில் வேகமாக நாலு இழுப்பு, அப்புறம் ஒரு நீண்ட மௌனம், அப்புறம் வால் மெதுவாக நின்றுவிடும். அந்த நேரத்தில் லீஷை இழுக்காதீர்கள். அவனுக்கு அதுதான் வியூ பாயிண்ட்.

"வெளியே குளிர்தானே" என்று நாயைக் காரில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 30 டிகிரியைத் தாண்டும். ஒருவர் உள்ளே போக, ஒருவர் நாயோடு நில்லுங்கள்.

மைல் 32இல் மேரிஸ் ராக் சுரங்கம் வரும். விளக்கைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள்.

படி 7: எங்கே நடப்பது

முதலில் தடை உள்ள பாதைகள், ஏனென்றால் பேர் பெற்றவை எல்லாம் அதில்தான் இருக்கின்றன: ஓல்ட் ராக், டார்க் ஹாலோ அருவிப் பாதை, ஸ்டோனி மேன், பேர்ஃபென்ஸ், லிம்பர்லாஸ்ட். செங்குத்துப் பாறையும் கூட்டமும்தான் பெரும்பாலும் காரணம். டார்க் ஹாலோ பலகையைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டு அருவியைப் பார்த்தோம், அன்றைய தினம் பாழ். நாயோடு அருவி பார்க்க வேண்டுமென்றால் மைல் 49.4இல் தொடங்கும் ரோஸ் ரிவர் சுற்றுப் பாதை இருக்கிறது. நான்கு மைல், ஏற்றம் உண்டு, பழக்கமான நாய்க்கு மட்டும்.

தொடங்குகிறவர்களுக்கு என் தேர்வு ஹாக்ஸ்பில். மைல் 46.5இல் உள்ள அப்பர் ஹாக்ஸ்பில் பார்க்கிங்கில் வண்டியை விட்டால், போய்வர இரண்டு மைலுக்குச் சற்று மேல். சுமார் 4,050 அடியில் பூங்காவின் மிக உயரமான சிகரம் அதுதான். அந்த உயரத்துக்கு உழைப்பு குறைவுதான். மேலே பாறை விளிம்பில் லீஷைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குட்டையாகப் பிடியுங்கள். நடக்கவே முடியாத கிழட்டு நாய் என்றால் பிக் மெடோஸ் புல்வெளி போதும். அங்கே தரையோடு படர்ந்த புளூபெர்ரிச் செடிகள் அக்டோபரில் குங்குமம் கொட்டியது போல் சிவந்து கிடக்கும். என்னைக் கேட்டால் மரங்களைவிட அதுதான் அழகு.

கரடி உண்டு. குளிர்காலத்துக்கு முன் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும் காலம் அது. லீஷில் இருக்கிற நாயோடு பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் நம்மைக் கண்டதும் விலகிப் போகும். கண்ணில் பட்டால் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓக் கொட்டை, காளான் எதையும் நாய் தின்ன விடாதீர்கள்.

படி 8: நம் சாப்பாட்டுக் கூடை

மலைக்குக் கிளம்பினால் நம் வீடுகளில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுவோம். தயிர்சாதத்தில் பச்சைத் திராட்சை போடும் வழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் மாதுளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சில நாய்களுக்குச் சிறிதளவே போதும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் எல்லாமே விஷம்தான். குழந்தைகள் "பாவம், ஒரு வாய்" என்று நீட்டுவார்கள். அவர்கள் கையில் முன்கூட்டியே நாய் பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள்.

படி 9: காரில் ஏறும் முன்

உண்ணி கோடையோடு போய்விடும் என்று நினைப்பார்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியில் வளர்ந்தவை சுறுசுறுப்பாக அலைவது அக்டோபர், நவம்பரில்தான். பின் கதவைத் திறந்து நாயை உட்கார வைத்து, காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில், வால் அடியில், கழுத்துப் பட்டைக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். மிளகு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் முள் எடுக்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். பிறகு உங்கள் கணுக்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மணியின் காலிலிருந்து ஒன்று எடுத்தேன். மற்றபடி வால் முழுக்க ஒட்டுவிதை. வீடு வந்து சேரும் வரை ஒரே குறட்டை, மூக்கு மட்டும் இடையிடையே துடித்துக்கொண்டிருந்தது.