காந்தப் பாயம்: கோணத்தை எங்கிருந்து அளப்பது?

உயர்தரப் பௌதிகவியலில் காந்தப் பாயம், அதாவது ஒரு மேற்பரப்பினூடாகப் போகும் காந்தப் புலத்தின் மொத்த அளவு பற்றிய கேள்வி வந்தால் முதலில் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு அம்பு கீறுங்கள், அதுதான் செவ்வன். கோணத்தை அந்த அம்புக்கும் புலத்துக்கும் இடையில்தான் அளக்க வேண்டும். தளத்துடனான கோணம் தந்திருந்தால் 90இலிருந்து கழித்துவிடுங்கள், பலர் வழுக்குவது இங்கேதான். அப்புறம் புலம், பரப்பளவு, கோணத்தின் கோசைன் மூன்றையும் பெருக்கினால் விடை பாயத்தின் அலகான வேபரில் வரும்.

கொழும்பில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோ தெஸ்லா, கிட்டத்தட்டக் கிடையாகவே வடக்கு நோக்கிப் போகிறது. அதனால் வெள்ளவத்தை மாடிவீடொன்றில் வடக்குப் பார்த்த 1 சதுர மீற்றர் யன்னலுக்குள்ளால் ஏறக்குறைய 40 மைக்ரோ வேபர் போகும். கடற்பக்கம், அதாவது மேற்குப் பார்த்த யன்னலிலும், தரையிலும் மிகச் சொற்பம்தான்.

மூடிய பெட்டி என்றால் கணக்கே வேண்டாம், உள்ளே போவதெல்லாம் வெளியே வந்துவிடுவதால் மொத்தப் பாயம் பூச்சியம்.