சர்க்கரை நோயுடன் சிறுநீரகமும் தளரும்போது: தட்டில் எதை, எவ்வளவு வைப்பது?

சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக்கு மாறுங்கள், கீரையும் சுண்டலும் நிறையச் சேருங்கள் என்பது சர்க்கரை நோயாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் அறிவுரை. சிறுநீரகம் நலமாக இருக்கும்வரை அதில் பிழையில்லை. சிறுநீரகம் தளர்ந்து, ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறத் தொடங்கினால், அதே கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சுண்டலும் அளந்து சாப்பிட வேண்டியவை ஆகிவிடுகின்றன. வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் இரு நோய்களின் பட்டியல்களிலும் விலக்கப்பட்டவற்றை ஒன்றாகக் கூட்டி, அனைத்தையும் நிறுத்திவிட்டு, நோயாளியை வெறும் ரசம் சோற்றோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். அது தேவையற்ற தண்டனை. எதைக் குறைப்பது என்பதை உங்கள் பரிசோதனை முடிவுதான் தீர்மானிக்க வேண்டும். இங்குள்ள அளவுகள் டயாலிசிஸ் தொடங்காத பெரியவர்களுக்கானவை.

முதல் படி: பரிசோதனைத் தாளைப் படியுங்கள்

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுவார். ஆனால் சிறுநீரகத்தின் நிலை அவ்விரண்டிலும் தெரியாது. அதற்கு ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம் ஆகியவையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதைக் காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, அல்புமின் விகிதம் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அதே அளவு காலம் நீடித்தாலோ அது நாள்பட்ட சிறுநீரக நோய். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இறங்கியவர்கள் உணவில் எந்த மாற்றத்தையும் சிறுநீரக மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: உப்பை அளங்கள்

எந்த நிலையில் இருப்பவருக்கும் முதலில் பயன் தருவது இதுதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்புதான் உச்ச வரம்பு. இதை வீட்டில் கண்காணிக்க எளிய வழி உண்டு: உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று அதன் மேல் தேதியை எழுதிவையுங்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஒரு மாதத்திலேயே தீர்ந்துவிட்டால், குழம்பு சப்பென்று இருப்பதாக வீட்டில் யார் சொன்னாலும், உப்பு மிகுதியாகத்தான் விழுகிறது.

இந்தக் கணக்கில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பு சேரவில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் இருந்துகொண்டு கருவாட்டை விடுவது எளிதன்று என்பது புரிகிறது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு சற்றுக் குறையுமே தவிர, அது உப்புக் குறைந்த உணவாகிவிடாது. பர்மா பஜார் பக்கம் கிடைக்கும் பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோவையும் அதனுடன் தரும் சூப்பையும் எப்போதாவது ஒரு நாளுக்கென வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பை மட்டும் வாங்கவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தவை. தளர்ந்த சிறுநீரகத்துக்கு அது ஆபத்து.

மூன்றாம் படி: புரதத்தைக் கணக்கிடுங்கள்

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம் புரதம் போதும். காலையில் மூன்று இட்லியில் சுமார் 6 கிராம், மதியம் 200 கிராம் வடித்த சோற்றில் 5, முள் நீக்கிய எடையில் 75 கிராம் வரும் சங்கரா மீனில் 15, ஒரு சிறு கிண்ணம் தயிரில் 3, தேநீருக்கான பாலில் 5, இரவு இரண்டு சப்பாத்தியில் 6, 25 கிராம் பருப்பில் 5 முதல் 6 எனக் கூட்டினால் ஏறத்தாழ 45 வரும். மீதியைக் காய்கறி ஈடுசெய்யும். மீனையோ முட்டையையோ முற்றிலும் நிறுத்தினால் உடல் மெலியும். அதே சமயம், பலம் வரட்டும் என்று உறவினர் வாங்கிவரும் புரத மாவை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

நான்காம் படி: பொட்டாசியம் ஏறியிருந்தால் மட்டும்

தாளில் பொட்டாசியம் 5-க்குள் இருந்தால் கீரையை நிறுத்தத் தேவையில்லை. அதற்கு மேல் சென்றால் இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, முருங்கைக்கீரை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோஸ் ஆகியவற்றுக்கு வாருங்கள். காயைத் தோல் சீவி, மெல்லியதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரை நிறைய ஊற்றி வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். வடித்த நீரை ரசத்தில் ஊற்றினால் செய்த வேலை வீண். மீன் குழம்பில் தக்காளியும் புளியும் கரைந்திருப்பதால் துண்டைச் சாப்பிட்டுக் குழம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரப் பழம் எனப்படும் தம்பரத்தம் பழம், பொட்டாசியம் எந்த அளவில் இருந்தாலும், சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு.

தண்ணீரைப் பொறுத்தவரை, காலில் வீக்கம் இருந்தாலோ மருத்துவர் அளவு குறித்துத் தந்திருந்தாலோ மட்டும் கட்டுப்பாடு போதும்.

ஐந்தாம் படி: சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பதை எழுதி ஒட்டுங்கள்

சிறுநீரகம் தளரத் தளர, இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்குகிறது. பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கும். நோய் குணமாகிவருகிறது என்று வீட்டில் மகிழ்வது இந்த நேரத்தில்தான். உண்மையில் அது மருந்தின் அளவை மாற்ற மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். பொட்டாசியம் ஏறியவருக்கு ஆரஞ்சுச் சாறோ இளநீரோ கொடுக்கக் கூடாது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இந்த ஒழுங்கைத் தொடங்கியபின், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் மீண்டும் பாருங்கள். பொட்டாசியம் 5-க்குள் வந்திருந்தால், நிறுத்திய கீரைகளில் எதை, வாரத்துக்கு எத்தனை முறை திரும்பச் சேர்க்கலாம் என்று அவரிடம் கேட்டுத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.