ரூபாயில் காட்டினால் மயங்காதீர்கள்: வெளிநாட்டில் பணம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வருஷம் அத்தை மகன் கல்யாணத்துக்குப் பாரிஸ் போயிருந்தேன். புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களோடு, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களோடு, கொஞ்சம் கொள்வினை கொடுப்பினை இருந்தால் போதும், எப்போதாவது ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்துவிடும். இறங்கிய மறுநாளே லா ஷப்பல் கடைத்தெருவுக்குப் பூ வாங்கப் போனோம். கையில் யூரோ இல்லை. தெருமுனையில் ஒரு ஏடிஎம். கார்டைச் செருகி 200 யூரோ கேட்டேன். திரையில் ரூபாய்க் கணக்கு வந்து நின்றது. பரவாயில்லையே, நம்ம காசிலேயே சொல்கிறதே என்று பச்சைப் பட்டனை அழுத்திவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்குப் போட்டால், அன்றைய ரேட்டைவிட ஏறக்குறைய 2,000 ரூபாய் அதிகமாகப் போயிருக்கிறது. "ஏமாத்திட்டான் மாமா" என்றேன். "எங்கடா ஏமாத்தினான்? உன்னைக் கேட்டுட்டுத்தானே எடுத்திருக்கான்" என்றார் மாமா.

அவர் சொன்னது சரி. கார்டு மோசடி என்றதும் நமக்கு முகமூடித் திருடன்தான் ஞாபகம் வருகிறான். என்னைச் சுற்றி வெளிநாடு போய் வந்தவர்களைக் கேட்டால், திருடனிடம் இழந்ததைவிடத் தாங்களே சம்மதித்துக் கொடுத்ததுதான் அதிகம். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டுத் திருடனிடம் வருகிறேன்.

ரூபாய்க் கணக்குக்குச் சரி என்று சொல்வது

நாம் பணம் கேட்டவுடன் மெஷின் இரண்டு வழி காட்டும். ஒன்று, யூரோவிலேயே கணக்கை அனுப்பி, ரூபாயாக மாற்றுவதை விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனத்திடமும் நம் வங்கியிடமும் விடுவது. இன்னொன்று, ஏடிஎம் வைத்திருப்பவனே தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு ரூபாயாக மாற்றிக்கொள்வது. இரண்டாவது வழியில் அவனுக்கு லாபம். அதனால்தான் அந்தப் பட்டன் பெரிதாக, பச்சையாக, 'உறுதியான விலை' என்ற ஆசைவார்த்தையோடு இருக்கும். மறுக்கும் பட்டன் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒதுங்கி நிற்கும். மறுத்தால், 'நிச்சயமாக வேண்டாமா?' என்று இன்னொரு தடவை கேட்டுப் பயமுறுத்துவதும் உண்டு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேண்டாம் என்று அழுத்தினால் பணமே வராதோ என்று பயம். வரும். மறுப்பது அந்த ரேட்டை மட்டும்தான். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்திலேயே கணக்கு போகட்டும் என்று சொன்னால் போதும்.

பிரான்சில் சில மெஷின்கள் பிரெஞ்சிலேயே கேட்கும். நம் ஊர் பிரெஞ்சுப் பள்ளியான லிசே பிரான்சேயில் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டே சொல் போதும். 'அவெக்' என்றால் உடன், 'சான்' என்றால் இல்லாமல். 'சான் கோன்வெர்சியோன்' என்பதுதான் நமக்கு வேண்டியது.

கடையிலும் இதே கதை. பில் போடுகிற பையன் நம்மைக் கேட்காமலேயே ரூபாயைத் தேர்ந்தெடுத்து மெஷினை நீட்டுவான். பின் நம்பர் போடும் முன் திரையைப் பாருங்கள். ரூபாய் என்று இருந்தால், ரத்து செய்துவிட்டு உள்ளூர்ப் பணத்தில் போடச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு கொடுமை, இப்படி ரூபாயில் ஒத்துக்கொண்டபின்னும் நம் வங்கிகளில் சில, வெளிநாட்டில் நடந்த கணக்கு என்று சொல்லித் தனியாக 1% போடுகின்றன. ஒரே பணத்துக்கு இரண்டு பேருக்குப் படி அளக்கிறோம்.

நூறு நூறாக எடுப்பது

பத்திரமாக இருக்கட்டும் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நம் வழக்கம். ஊரில் அது நல்ல வழக்கம். வெளிநாட்டில் ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் கை நீட்டுகிறார்கள். ஏடிஎம் வைத்திருப்பவனின் கட்டணம் ஒன்று. நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் வாங்கும் தொகை, பெரும்பாலும் 100 முதல் 150 ரூபாயும் ஜிஎஸ்டியும், இன்னொன்று. மூன்றாவது, பணம் மாற்றியதற்கான மார்க்கப். பல கார்டுகளில் இந்த மார்க்கப் 3.5%. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13% ஆகிவிடும்.

தாய்லாந்து போனவர்களுக்கு முதல் கட்டணம் நன்றாகத் தெரியும். அங்கே வெளிநாட்டு கார்டுக்கு ஏடிஎம்கள் தடவைக்கு 220 பாட் வாங்குவது பல வருஷ வழக்கம். சில இடங்களில் அதற்கும் மேல். 2,000 பாட் எடுத்தால் 220 என்பது 11%. 10,000 எடுத்தால் அதே 220 வெறும் 2.2%. ஆகவே நான்கு நாள் செலவைக் கணக்குப் போட்டு ஒரே தடவையாக எடுத்து, அறையின் பெட்டகத்தில் பாதி, இடுப்பில் பாதி என்று பிரித்து வையுங்கள். ஐரோப்பாவில் வங்கிக் கட்டடத்தின் சுவரில் பதித்திருக்கும் மெஷினைத் தேடிப் போவது நல்லது. சுற்றுலாத் தெருவில் பரிசுப்பொருள் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் தனியாக நிற்கும், எந்த வங்கிப் பெயரும் இல்லாத மெஷின்தான் கட்டணத்திலும் ரேட்டிலும் நம்மை அதிகம் கறக்கும்.

கிரெடிட் கார்டைப் பணம் எடுக்கச் செருகுவது

இதைச் செய்யவே செய்யாதீர்கள். கடையில் தேய்த்தால் பில் வந்து கட்டும்வரை வட்டி கிடையாது. ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் அந்தச் சலுகை இல்லை, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5% அளவில் வட்டி, அதற்கு முன்னாலேயே 2.5% அல்லது 3% ரொக்கக் கட்டணம், குறைந்தபட்சத் தொகை என்று ஒரு வரம்பு, எல்லாவற்றுக்கும் மேல் மார்க்கப். கந்து வட்டிக்காரரை விமானத்தில் கூடவே கூட்டிப்போன மாதிரி.

கிளம்பும் முன் அரைமணி நேரம் ஒதுக்காதது

கடலூர் முதுநகர் நண்பரின் அம்மா, சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார். பென்ஷன் கணக்கின் ஏடிஎம் கார்டைப் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருக்கிறார். ஒரு மெஷினிலும் வேலை செய்யவில்லை. கார்டில் கோளாறு இல்லை. அது உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே கார்டு. நம் பக்கம் அரசு வங்கிகளில் சேமிப்புக் கணக்கோடு கொடுக்கும் சாதாரண ரூபே கார்டுகள் பல இந்த ரகம். வெளிநாட்டில் செல்லும் ரூபே கார்டு தனி. கிளைக்குப் போய், "வெளியூருக்கு" என்று சொன்னால் சென்னை என்று நினைத்துக்கொள்வார்கள். நாட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சரியான கார்டு இருந்தாலும் பூட்டு ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பிலோ கிளையிலோ நாமே திறக்க வேண்டும். திறக்கும்போது ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று தனித்தனிப் பட்டன்கள் இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். ஏடிஎம்மையும் கடையையும் திறந்து, வெளிநாட்டு ஆன்லைனை மூடியே வையுங்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்பதே கிடையாது. கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். அந்த வழி மூடியிருந்தால் எண்ணைத் திருடியவனும் ஒன்றும் செய்ய முடியாது. தினசரி வரம்பையும் குறைத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் எல்லாப் பட்டனையும் மூடுவது முக்கியம்; இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், நானும் மூன்று மாதம் மறந்திருந்தேன்.

சம்பளமோ சேமிப்போ மொத்தமும் கிடக்கும் கணக்கின் டெபிட் கார்டை எடுத்துப் போகவேண்டாம். பயணத்துக்கென்று இன்னொரு கணக்கில் தேவையான பணத்தை மட்டும் போட்டு, அதன் கார்டை எடுத்துப் போங்கள். வீடு முழுக்கத் திறந்து கிடப்பதற்கும் திண்ணை மட்டும் திறந்து கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டாவது கார்டு ஒன்று வேறு பையில் இருக்கட்டும்.

வங்கியின் போன் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது 1800-ல் தொடங்கும் இலவச எண்ணை நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து அது கிடைக்காது. +91-ல் தொடங்கும் எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள், கார்டோடு போனும் தொலைந்தால் கைகொடுக்கும். சிம்மில் ரோமிங்கைத் திறந்து வைத்தால் பணம் எடுத்த எஸ்எம்எஸ் உடனே வரும். திருட்டை முதலில் சொல்வது அதுதான்.

உதவிக்கு வருபவனை நம்புவது

இப்போது திருடன். கார்டு செருகும் வாயின்மேல் போலி வாய் ஒன்றை ஒட்டி, காந்தப் பட்டையைப் படித்துக்கொள்வது பழைய முறை. சிப் வந்தபின் அந்தத் தகவலை வைத்துப் போலிக் கார்டு செய்து பணம் எடுப்பது கடினமாகிவிட்டது. ஆனாலும் சிப் கேட்காத மெஷின்கள் இன்னும் சில நாடுகளில் இருப்பதால் வியாபாரம் நிற்கவில்லை. வாயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், பிசின் தெரிந்தால், நடையைக் கட்டுங்கள். பின் நம்பர் போடும்போது இன்னொரு கையால் மூடுங்கள். மேலே ஊசித்துளை கேமரா இருந்தாலும், பின்னால் நிற்பவர் கழுத்தை நீட்டினாலும் இந்த ஒரு கை போதும். நம் ஊரில் இதைச் செய்தால் பின்னால் நிற்பவர் கோபித்துக்கொள்வார் என்று நமக்குக் கூச்சம். அங்கே எல்லோரும் மூடித்தான் போடுகிறார்கள்.

இதைவிட எளிய திருட்டு ஒன்று உண்டு. கார்டு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகி வைத்திருப்பார்கள். நாம் விழிப்போம். அப்போது நல்ல உடுப்பில் ஒருவர் வந்து, "எனக்கும் நேற்று இப்படித்தான் ஆயிற்று, பின் நம்பரை மறுபடி போட்டால் வந்துவிடும்" என்பார். போடுவோம். வராது. நாம் வங்கியைத் தேடிப் போனதும் அவர் கார்டை உருவி எடுத்துப் பணத்தையும் எடுத்துவிடுவார். நமக்கு அந்நிய ஊரில் யாராவது கனிவாகப் பேசினாலே மனசு இளகிவிடும். தமிழில் பேசினால் கேட்கவே வேண்டாம். கார்டு மாட்டிக்கொண்டால் மெஷினை விட்டு நகராமல், அங்கே நின்றபடியே ஆப்பைத் திறந்து கார்டை முடக்குங்கள். பகலில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில், உள்ளே இருக்கும் மெஷினில் எடுத்தால் பாதிப் பிரச்சினை வராது.

நாளைக்குச் சொல்லலாம் என்று விடுவது

நாம் எடுக்காத பணம் போனதாக எஸ்எம்எஸ் வந்தால் கல்யாண வீட்டு அமளியிலும் உடனே போன் செய்யுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வங்கியும் காரணமில்லை நாமும் காரணமில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை நம் தலையில் விழும். அதற்கும் தாமதித்தால் வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். சொன்ன பத்து வேலை நாளுக்குள் பணத்தைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே விதி. பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால் கதை வேறு: வங்கியிடம் சொல்லும்வரை போனது நம் நஷ்டம். அதனால்தான் அந்தக் கையால் மூடும் பழக்கத்துக்கு இவ்வளவு வலியுறுத்தல். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

பணம் வராமலேயே கணக்கில் கழிந்துவிட்டால்? ஊரில் ஐந்து நாள் கழித்து நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று கேட்டுப் பழகியிருப்போம். அந்த விதி இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டும். வெளிநாட்டு மெஷின் என்றால் நம் வங்கி மூலம் தகராறு மனு போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மெஷின் தந்த சீட்டையும் மெஷினின் படத்தையும் வைத்திருங்கள்.

கையோடு கொண்டுபோகும் பணம்

கொஞ்சம் ரொக்கத்தை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போவதுதான் நல்லது; முதல் நாள் பதற்றத்தில் தப்பான மெஷினில் நிற்க வேண்டியதில்லை. சென்னை விமான நிலையத்தில் மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அங்கே ரேட் நமக்குச் சாதகமாக இருக்காது. 'கமிஷன் கிடையாது' என்ற பலகையை விட்டுவிட்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கமிஷன் அங்கேதான் ஒளிந்திருக்கும். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற இடத்தில், ரசீதோடு வாங்குங்கள். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரைதான் நோட்டாக வாங்கலாம். ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் ஜிஎஸ்டி 180 ரூபாய், அவ்வளவுதான். அதைவிட அதிகம் கேட்டால் விளக்கம் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தை முன்னாலேயே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்குபவர்கள் எந்த நாட்டுப் பணத்தை ஏற்றினார்களோ அதிலேயே செலவு செய்ய வேண்டும். யூரோ ஏற்றிய கார்டை சுவிட்சர்லாந்தில் நீட்டினால் இன்னொரு மாற்றுக் கட்டணம் விழும்.

மார்கழியில் பாரிஸிலிருந்து புதுச்சேரி வரும் உறவுக்காரர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. மிஷன் வீதி ஏடிஎம்மில் பிரெஞ்சு வங்கிக் கார்டைச் செருகினால், சில மெஷின்கள் யூரோவில் கணக்குக் காட்டி அதே கேள்வியைக் கேட்கும். என் மாமா, என்னைக் கிண்டல் செய்த அதே மாமா, இந்தத் தடவை என்னோடு வந்து நின்று, திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "இங்க எதடா அழுத்தணும்?" என்றார். ரூபாயை அழுத்தச் சொன்னேன்.