தேர்தல் கடமைக்கு ஆட்களை எப்படி நியமிக்கிறார்கள்? திருகோணமலையில் புதிதாக அரச சேவைக்கு வந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தேர்தல் அறிவித்தல் வந்ததும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "அக்கா, எனக்கும் கடிதம் வருமா? எங்கே போடுவார்கள்? புல்மோட்டைக்கா, வெருகலுக்கா?" கடிதம் கையில் கிடைத்த பிறகுதான் பலர் இதைப் பற்றி யோசிக்கிறார்கள். உங்கள் பெயர் அதற்கு முன்பே, அலுவலகத்தில் நிரப்பிய ஒரு படிவத்தோடு பயணத்தைத் தொடங்கியிருக்கும். அந்த இடத்திலிருந்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நீங்கள் இந்தக் கடமைக்கு உரியவரா?

இலங்கையில் வாக்களிப்பு நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் அரச சேவையில் உள்ளவர்கள். அரச திணைக்களங்கள், மாகாண சபைத் திணைக்களங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், கூட்டுத்தாபனங்கள், சபைகள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்களை எடுப்பார்கள். ஆசிரியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்கள், அலுவலக உதவியாளர்கள் என்று எல்லாத் தரத்திலும் ஆள் தேவை. திருகோணமலை மாவட்டத்தில் சேருவில, திருகோணமலை, மூதூர் என்று மூன்று தேர்தல் தொகுதிகள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அத்தனை பேரையும் ஒரே நாளில் கவனிக்க எவ்வளவு பேர் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

அரச வேலையில் இல்லாத ஒருவர் தேர்தலில் பங்கெடுக்க ஆசைப்பட்டால் வேறு வழி உண்டு. கட்சியோ சுயேச்சைக் குழுவோ நியமிக்கும் முகவராகப் போகலாம். பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்பில் தொண்டராகச் சேரலாம். வாக்குச்சீட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் அரச ஊழியருக்கே.

படி 2: பெயர் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும் வழி

நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்துவது தேர்தல்கள் ஆணைக்குழு. மாவட்டத்தில் அதன் பொறுப்பாளர் தெரிவத்தாட்சி அலுவலர். வழக்கமாக அரசாங்க அதிபரே, அதாவது மாவட்டச் செயலாளரே, அந்தப் பொறுப்பை ஏற்பார். அவருக்குத் துணையாக மாவட்டத் தேர்தல் அலுவலகம் இருக்கிறது. ஆள் சேர்க்கும் வேலையின் பெரும் பாரம் அந்த அலுவலகத்தின் தலையில்தான்.

அவர்கள் ஒவ்வொரு நிறுவனத் தலைவருக்கும் எழுதி, கடமைக்கு அனுப்பக்கூடியவர்களின் விபரங்களைக் கேட்பார்கள். உங்கள் பிரதேச செயலாளர், அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் போன்றவர்கள் அதை உங்களிடம் நிரப்பி வாங்கி அனுப்புவார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், பதவி, தரம், சேவைக்காலம், வீட்டு முகவரி, முன்பு செய்த தேர்தல் கடமை என்று பொதுவான விபரங்கள்தான்.

இந்தப் படிவத்தை அவசரத்தில் கிறுக்கிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. உங்களுக்கு எந்தப் பதவி, எந்தப் பக்கம் என்பதை முடிவெடுப்பவர் உங்களைக் கண்டதே இல்லை. அவர் கையில் இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். தரத்தைப் பிழையாக எழுதினால் பொருந்தாத பதவி வரும்.

மொழி பற்றிய இடம் இருந்தால் அதை நிச்சயம் நிரப்புங்கள். இல்லாவிட்டால் அலுவலகத் தலைவரிடம் வாயால் சொல்லி, ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். நமது மாவட்டத்தில் சில நிலையங்களில் தமிழும் சிங்களமும் ஒரே வரிசையில் நிற்கும். கந்தளாயில் வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டு மொழியும் ஓடும் என்றால், அது தெரிந்திருந்தால் அவரைப் பொருத்தமான இடத்தில் போடலாம். ஈச்சிலம்பற்றிலிருந்து வரும் ஒரு ஆச்சி தன் மொழியில் கேட்டுத் தன் மொழியிலேயே பதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சேருவிலயில் ஒரு சிங்களத் தாத்தாவுக்கும் அதே உரிமை.

இன்னொன்று. உங்கள் நெருங்கிய உறவினர் யாராவது வேட்பாளராக நின்றாலோ, நீங்கள் ஏதாவது கட்சியின் வேலையில் இறங்கியிருந்தாலோ, அதை மறைக்காமல் அலுவலகத் தலைவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். சின்ன ஊர், யார் யாருக்கு மச்சான் என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்களிப்பு நாளன்று ஒரு முகவர் எழுந்து நின்று அதைச் சொன்னால், அந்த நிலையத்தின் மேலேயே சந்தேகம் விழுந்துவிடும்.

படி 3: உங்கள் வாக்கைத் தவற விடாதீர்கள்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கடமைக்குப் போனால் உங்கள் ஊர் நிலையத்தில் போய் வாக்குப் போட முடியாது. அதற்காகத்தான் தபால் மூல வாக்கு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் காலம் மிக முன்னதாக முடிந்துவிடும். 2024 ஜனாதிபதித் தேர்தலை எடுங்கள். வாக்களிப்பு செப்டம்பர் 21. அறிவித்தல் வந்தது ஜூலை 26. தபால் விண்ணப்பத்துக்கான கடைசி நாள் ஆகஸ்ட் 5 என்று இருந்து, ஆகஸ்ட் 9 வரை நீடிக்கப்பட்டது. நியமனக் கடிதம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. எனவே உங்கள் பெயர் பட்டியலில் போயிருக்கிறது என்று தெரிந்தவுடனேயே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் வாக்காளர் இடாப்பில் உள்ள உங்கள் தொடர் இலக்கம், வாக்களிப்பு மாவட்ட இலக்கம் போன்றவற்றைச் சரியாக எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம், அல்லது உங்கள் ஜீ.எஸ்.ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், உள்ள இடாப்பில் பார்க்கலாம். இலக்கம் பிழைத்தால் விண்ணப்பம் தள்ளுபடி. பதிவு மட்டக்களப்பில், வேலை திருகோணமலையில் என்றால் விண்ணப்பம் மட்டக்களப்பு தேர்தல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இதை மறந்து இங்கேயே கொடுத்து ஏமாந்தவர்கள் பலர்.

ஏற்றுக்கொள்ளப்பட்டால், குறித்த நாளில் உங்கள் அலுவலகத்திலேயே, அத்தாட்சிப்படுத்தும் அலுவலரின் முன்னால், யாரும் பார்க்காதபடி வாக்கை அடையாளமிட்டு உறையில் ஒட்டிக் கொடுப்பீர்கள். தபால் வாக்கு கிடைத்தவர் பின்னர் வாக்களிப்பு நிலையத்தில் போட முடியாது.

படி 4: கடிதம் வந்துவிட்டது. அதில் எழுதியிருக்கும் பதவி என்ன?

கடிதம் நிறுவனத் தலைவர் ஊடாக வரும். நான்கு விதமான பெயர்களைப் பார்ப்பீர்கள்.

சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர், எல்லோரும் சொல்கிற எஸ்.பி.ஓ., அந்த நிலையத்தின் முழுப் பொறுப்பாளர். வாக்குச்சீட்டுகளை எண்ணி வாங்குவதிலிருந்து பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கும் வரை அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அனுபவமுள்ள, உயர் தரத்து அலுவலர்களுக்கே இது கொடுக்கப்படும். கனிஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் அவருக்கு அடுத்தவர்.

பிறகு எழுதுவினைஞர்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இடம்தான் வரும். ஒருவர் வாக்காளரின் அடையாள அட்டையைப் பார்த்து, இடாப்பில் பெயரைக் கண்டுபிடித்து, முகவர்களுக்கும் கேட்கும்படி இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசிப்பார். ஒருவர் விரலில் மை பூசுவார். இன்னொருவர் வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். வாக்குச்சீட்டில் உத்தியோகபூர்வ அடையாளம் இடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத சீட்டு எண்ணும்போது நிராகரிக்கப்படும். வாக்காளர் எந்தப் பிழையும் செய்யாமலே அவருடைய வாக்கு வீணாகிவிடும். காலையில் கூட்டம் முட்டும் நேரத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சிற்றூழியர்கள் வரிசையை ஒழுங்குபடுத்துவது, மறைப்பு மேசைகளை வைப்பது, பெட்டி தூக்குவது என்று எல்லாவற்றையும் செய்வார்கள். அவர்களை மரியாதையாக நடத்துங்கள். இரவில் பாடசாலையில் தண்ணீர் எங்கே, விளக்கு எங்கே என்று கண்டுபிடித்துத் தருபவர்கள் அவர்கள்தான்.

வாக்கெண்ணும் கடமைக்கான நியமனம் தனி. உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும், 2018இல் வந்த புதிய முறைக்குப் பிறகு, வட்டார வாக்குகளை அந்தந்த இடத்திலேயே எண்ணும் நடைமுறை இருக்கிறது. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலும் அப்படித்தான். ஆகவே எந்தத் தேர்தல் என்பதைப் பார்த்து, மாலையில் வேலை முடியுமா இரவாகுமா என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

படி 5: போக முடியாத நிலை என்றால்

கடமையை ஏற்காமல் சும்மா இருந்துவிட முடியாது. நியாயமான காரணமின்றி ஆணைக்குழுவுக்கு ஒத்துழைக்க மறுக்கும் அரச அலுவலர் குற்றம் செய்தவராவார் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஒரு லட்சம் ரூபா வரை அபராதமோ மூன்று வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கடும் நோய், கர்ப்பம், பிரசவம் போன்ற உண்மையான காரணம் இருந்தால் மருத்துவச் சான்றிதழோடு, நிறுவனத் தலைவர் ஊடாக, கடிதம் கிடைத்த உடனேயே விடுவிக்கக் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் உங்கள் இடத்துக்கு ஆள் தேடுவது பெரும்பாடு. வாக்களிப்புக்கு முதல் நாள் காலையில் ஒரு எழுதுவினைஞர் வராவிட்டால், அந்த எஸ்.பி.ஓ. குறைந்த ஆட்களோடு பஸ் ஏற வேண்டி வரும்.

படி 6: வகுப்பும் சத்தியமும்

தலைமை தாங்கும் அலுவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும், கைநூலும் தருவார்கள். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எழுதுவினைஞர்களுக்குப் பெரும்பாலும் எஸ்.பி.ஓ.தான் சொல்லிக் கொடுப்பார். அவருடைய இலக்கத்தை எடுத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாக்கின் இரகசியத்தைக் காப்பேன் என்ற உறுதிமொழியிலும் கையெழுத்திட வேண்டும்.

வாக்காளர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் தயாராகுங்கள். "தம்பி, புள்ளடி எங்க போடுறது?" என்று கேட்பார்கள். ஜனாதிபதித் தேர்தல் என்றால் ஒருவருக்குப் புள்ளடியோ 1 என்ற இலக்கமோ போடலாம், 1 போட்டவர் விரும்பினால் 2, 3 என்று அடுத்த விருப்பையும் காட்டலாம். 2024இல் முதல் தடவையாக அந்த விருப்பு வாக்குகளை எண்ண வேண்டியும் வந்தது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. முறையைச் சொல்லலாம். யாருக்கு என்பது பற்றி ஒரு சொல்லும், ஒரு கண்சாடையும் கூடாது.

படி 7: வாக்களிப்புக்கு முதல் நாள்

கடிதத்தில் குறித்த இடத்துக்கு, பெரும்பாலும் நகரிலுள்ள ஒரு பாடசாலைக்கு, காலையிலேயே போக வேண்டும். அங்கே எஸ்.பி.ஓ. பொருட்களைப் பொறுப்பேற்பார். கூட இருந்து எண்ணிப் பாருங்கள்: வாக்குச்சீட்டுப் புத்தகங்களின் இலக்கங்கள், இடாப்புப் பிரதி, மை, முத்திரை, உறைகள். பஸ் புறப்பட்ட பிறகு குறை கண்டுபிடித்தால் அதை நிவர்த்தி செய்வது கடினம், அதிலும் பதவிசிறிபுர பக்கமோ வெருகலோ என்றால் தூரம் அதிகம். முன்பு கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகும் அலுவலர்கள் பெட்டியோடு துறையில் காத்திருந்து பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் போனார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

இரவு நிலையத்திலேயே தங்க வேண்டும். பாய், போர்வை, டோர்ச், நுளம்புச் சுருள், மருந்து, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பாராளுமன்றத் தேர்தல் போல நவம்பரில் வந்தால் மழை உறுதி, குடையும் மாற்றுடையும் வேண்டும். சாப்பாட்டுக்கு ஜீ.எஸ்.ஸிடம் கேட்டால் காசு கொடுத்து வாங்க ஒழுங்கு செய்து தருவார். கட்சிக்காரர் கொண்டுவரும் சோற்றுப் பார்சலை, பிளேன்டீயைக்கூட, எவ்வளவு அன்பாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

படி 8: வாக்களிப்பு நாள்

அண்மைய தேர்தல்களில் நேரம் காலை 7 முதல் மாலை 4 வரை. அதற்கு முன்பே முகவர்களுக்கு வெறும் பெட்டியைக் காட்டி மூடி முத்திரையிட வேண்டும். பார்வையற்றவர், நடக்க முடியாதவர் வந்தால் எஸ்.பி.ஓ.வுக்கு உடனே சொல்லுங்கள். உரிய சான்றோடு உதவியாளரைக் கூட்டிவரலாம், இல்லாவிட்டால் அவரே உதவ வழி இருக்கிறது.

முடிந்ததும் வாக்குச்சீட்டுக் கணக்கு. பெற்றது, கொடுத்தது, பழுதானது, மிஞ்சியது எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் களைப்பைப் பார்க்காமல் மறுபடி எண்ணுங்கள். அதன் பிறகே பெட்டி பொலிஸ் பாதுகாப்போடு புறப்படும். எஸ்.பி.ஓ. ஒப்படைத்து முடித்து, உங்களை விடுவிக்கும் வரை கிளம்ப வேண்டாம்.

கொடுப்பனவு உடனே வராது, அதற்கான படிவத்தில் வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். பிறகு இடமாற்றம் கிடைத்து வேறு அலுவலகத்துக்குப் போனால், அடுத்த தேர்தலுக்குப் பெயர் கேட்கும்போது அங்கே புதிதாகப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.