புகைக்கு 90 ஊற்றாதீர்கள்: பழைய டிராக்டர் ஆயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசியில் கும்பப்பூ நெல்லுக்குத் தொளி அடிக்க (சேற்று உழவு செய்ய)த் தொடங்கினால் போதும், பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களின் ஆயில் சந்தேகங்கள் வரிசையாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடும். நம் குமரி மாவட்டத்தில் இப்போது பழைய வண்டி வாங்குகிறவர்களில் வளைகுடாவிலிருந்து திரும்பிய பிள்ளைகள் நிறைய. மாஸி பெர்குசன் 1035, மகிந்திரா பி-275, ஃபோர்டு 3600, எச்எம்டி 2511 என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஏலாவில் (வயல்வெளியில்) உழவுக்கும் ஆகும், டிரெய்லர் மாட்டிச் செங்கல் அடிக்கவும் ஆகும். இவர்கள் செய்யும் தவறு எதுவும் புதிதல்ல, கை பழகும் காலத்தில் நாங்களும் செய்தவைதான். மட்டம் பார், ஃபில்டர் மாற்று என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் வண்டியே வாங்கியிருக்கக் கூடாது.

கையேட்டில் குளிர்நாட்டுக் கட்டத்தைப் பார்ப்பது

இந்த வண்டிகளின் மூலம் வெளிநாடு. 1035-க்கு எஞ்சின் செய்தது சென்னை சிம்ப்சன் என்றாலும் வடிவமைப்பு இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வழி வந்தது. 2511 செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர். அந்த ஊர்க் கையேடுகளில் வெப்பநிலைக்கு ஏற்ற மாதிரி ஆயில் அட்டவணை இருக்கும். செல்போனில் அதை இறக்கி, முதல் கட்டத்தில் இருக்கும் 10-ஐயோ 20-ஐயோ கடையில் போய்க் கேட்கிறார்கள். அது பனி விழும் ஊருக்கு எழுதியது. நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்கு உரியது அட்டவணையில் வெப்பம் கூடிய கட்டம்.

இன்று கடையில் கிடைப்பது 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் சுற்றுமா என்பதற்கானது. 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும் 20டபிள்யூவை மைனஸ் 15-லும் வைத்து அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். தோவாளைக்காரருக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்னால் இருக்கும் 40 என்பது சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை, அதைப் பார்த்து வாங்குங்கள்.

காருக்கு வாங்கியதில் மிச்சம்

டப்பாவில் ஏபிஐ (ஆயிலுக்குத் தரம் குறிக்கும் அமெரிக்க அமைப்பு) என்பதற்குப் பக்கத்தில் 'எஸ்' மட்டும் இருந்தால் அது பெட்ரோல் ஆயில். டீசலுக்கு 'சி' வேண்டும்.

"புத்தகத்துல சிடின்னு போட்டிருக்கு, கடையில இல்லையே"

சிடி 1955-இல் வந்த டீசல் ஆயில் தரம், காலாவதியாகிவிட்டது. சிஎச்-4 வந்தது 1998-இல், சிஐ-4 2002-இல். சிடி கேட்ட எஞ்சினில் சிஐ-4 ஊற்றலாம் என்று ஏபிஐ அட்டவணையே சொல்கிறது. ஆகவே சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 வாங்கினால் இந்த வண்டிகளுக்குப் போதும். ஃபுல் சிந்தெடிக் வாங்கக் காசு இருந்தால் அதை முன் டயருக்குப் போடுங்கள்.

புது ஆயிலில் டிடர்ஜென்ட் அதிகம், பழைய அழுக்கைக் கிளப்பிவிடும் என்று ஒரு பயம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பல வருஷம் சரியாக ஆயில் மாற்றாத எஞ்சின் என்றால், முதலில் எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்ட்ரெய்னர் சல்லடையைக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். அந்த முதல் ஆயிலை முழுக்காலம் ஓட்டாமல் சீக்கிரமே இறக்கிவிட்டு ஃபில்டரோடு மாற்றுங்கள். அதற்குப் பயந்து டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலைத் தேடி அலைய வேண்டாம்.

90 ஊற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

வண்டி நீலப்புகை தள்ளும். சூடானதும் ஆயில் மீட்டர் முள் கீழே விழும். உடனே பக்கத்தில் ஒருவர் சொல்வார்: "ஒரு லிட்டர் 90 கலந்து விடும் வோய், கெட்டியா நிக்கும்." 90 என்றால் கியர் ஆயில். 40-ஐவிட 90 இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. எஞ்சின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் அளந்தால், 40 நம்பர் எஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை இருக்கும். 90 நம்பர் கியர் ஆயில் 13.5 முதல் 18.5 வரை. 50 நம்பர் எஞ்சின் ஆயிலோ 16.3-இல் தொடங்கி 21.9 வரை போகும். அதாவது ஊற்றுகிறவர் எதிர்பார்க்கும் கெட்டித்தன்மைகூட 90-இல் கிடையாது. சூட்டில் அது 40-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது, அவ்வளவுதான்.

கெட்டிதான் இல்லை என்றால், உள்ளே இருப்பது அதைவிட மோசம். கியர் ஆயிலில் பற்கள் ஒன்றையொன்று அழுத்தித் தேய்ப்பதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து போடுகிறார்கள். கியர் பெட்டியில் அது தேவை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சூட்டில் அது சிதைந்து, செம்பும் வெண்கலமும் உள்ள பாகங்களை அரிக்கும். கனெக்டிங் ராடின் மேல்முனை புஷ் வெண்கலம். பல பழைய எஞ்சின்களில் பேரிங்கும் காப்பர்-லெட், அதாவது செம்பும் ஈயமும் சேர்ந்தது. இன்னொரு பக்கம், டீசல் எரிந்து வரும் கரியைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும் சரக்கு கியர் ஆயிலில் இல்லை. அந்தக் கரி பிஸ்டன் ரிங் பள்ளத்தில் போய் உட்காரும்.

பூதப்பாண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் 1035 கொண்டுவந்தான்.

"அண்ணே, ஊத்துன அன்னைக்குப் புகை கொறஞ்சுது கேட்டேளா. இப்ப பழையதவிட அதிகம்."

"எவ்வளவு ஊத்துன மக்களே?"

"மொதல்ல ஒரு லிட்டர். பெறவு..." என்று இழுத்தான். கடைக்காரர் சொன்னாராம்.

டிரெயின் நட்டைத் திருகியதுமே பட்டறை முழுக்கக் கந்தக நாற்றம், எஞ்சின் ஆயிலில் வரவே கூடாத நாற்றம். ஹெட்டை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தோம். நல்ல ரிங்கை விரலால் அழுத்தினால் பள்ளத்துக்குள் போய்த் திரும்ப வெளியே வரும். இவனுடையதில் மேல் ரிங் கரியில் இறுகிப் பிஸ்டனோடு பிஸ்டனாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பியும் அசையவில்லை, உடைத்துத்தான் எடுத்தோம். மேல்முனை புஷ் பொன்னிறம் போய்க் கறுத்து, உள்பக்கம் சொறிசொறியாக இருந்தது. ரிங் ஒட்டிக்கொண்டதால் எரிந்த வாயு கீழே இறங்கி ஆயிலை இன்னும் கெடுத்திருக்கிறது. பிஸ்டன் ஓடும் லைனரிலும் நெடுகக் கோடு விழுந்துவிட்டது.

சரி, அந்த எஞ்சினுக்கு எப்படியும் ஒருநாள் ரிங் மாற்றத்தான் வேண்டியிருக்கும். முதலிலேயே வந்திருந்தால் ரிங் செட்டோடும் பேரிங்கோடும் முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. இப்போது பிஸ்டன், லைனர், புஷ் எல்லாம் சேர்ந்தது. அதுவும் தொளி நேரத்தில். ஒரு போகத்து உழவுக் கூலி போனதை யாரிடம் போய்க் கேட்பான்?

மீட்டர் முள் ஏறியதே என்று இன்னும் சிலர் வாதாடுவார்கள். முள் காட்டுவது அழுத்தத்தை, ஓட்டத்தை அல்ல. காலையில் ஆறிய எஞ்சினில் கெட்டி ஆயில் இருந்தால் அழுத்தம் கூடி ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும், ஆயிலில் ஒரு பங்கு சம்புக்கே திரும்பும். முள் கம்பீரமாக நிற்கும்போது மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே எதையும் ஊற்றுவதற்கு முன் நோயைப் பாருங்கள். நீலப்புகை என்றால்தான் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை, ஆயிலை மாற்றி அது தீராது. எஞ்சின் ஓடும்போது உள்வாயு வெளியேறும் பிரீதர் குழாயின் வாயில் கை வைத்தால் குபுகுபுவென்று வாயு அடிக்கிறதா பாருங்கள், அடித்தால் ரிங், லைனர் பக்கம் வேலை இருக்கிறது. முள் விழுந்தால், டாஷ்போர்டில் இருப்பதை நம்பாமல் வேறு நல்ல மீட்டரை எஞ்சினிலேயே மாட்டிச் சூட்டில் அளந்து பாருங்கள். பழைய வண்டியில் முதலில் பொய் சொல்வது மீட்டர்தான். தேய்ந்த எஞ்சினை அறுவடை வரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் 20டபிள்யூ-50 டீசல் எஞ்சின் ஆயில் ஊற்றி ஓட்டுங்கள். அதில் டிடர்ஜென்டாவது இருக்கும்.

டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறுவது

சந்தோஷப்படாதீர்கள். டீசலோ தண்ணீரோ இறங்குகிறது. வண்டியை நிறுத்துங்கள்.

ஹைட்ராலிக் ஆயில் டப்பா

பின்பக்கம் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கு உள்ளது. எஞ்சினுக்கு அல்ல.

ஏர் கிளீனர் கிண்ணத்தில் கழிவு ஆயில்

பழைய வண்டிகளில் காற்று ஆயில் கிண்ணம் வழியாகப் போகும். "தூசி பிடிக்கத்தானே" என்று எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலையே அதில் விடுகிறார்கள். ஏற்கெனவே கரி நிறைந்த ஆயில் செம்மண் தூசியை எங்கே பிடிக்கும்? எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஆயிலைக் கிண்ணத்தில் உள்ள கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் ஆபத்து. எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி டீசல்போல எரிக்க ஆரம்பித்தால், ஸ்டாப் நாபை இழுத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது காற்று போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும். அடைக்கக் கனமான பலகை எடுங்கள், கையை வைக்காதீர்கள். சூளைக்கு ஓடும் வண்டியில் இந்தக் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

டீசல் பம்புக்குத் தனி ஆயில் உண்டு என்பதை மறப்பது

ரோட்டரி பம்ப் என்றால் டீசலே அதற்கு ஆயில், கவலை இல்லை. இன்லைன் பம்ப் என்றால் பல மாடல்களில் கேம் பெட்டிக்குத் தனியாக எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். பக்கவாட்டில் சின்ன மூடியோ மட்டம் பார்க்கும் திருகோ இருக்கும். மேலேயிருந்து டீசல் கசிந்து அந்த ஆயில் நீர்த்துவிடும். எஞ்சின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இரண்டு போகம் பார்க்காமல் விட்ட பம்பை நாகர்கோவிலில் கொடுத்துச் சரிசெய்யும் காசுக்குப் பல வருஷத்துக்கான ஆயில் வாங்கலாம்.